வாசிப்பை நிறுத்திய சனிக்கிழமை

அறுநூற்று நாற்பது ரூபிள். எங்கள் யூத ஜெபக்கூடத்துக் கமிட்டி எனக்குத் தரவேண்டியிருந்த கூலி. தொள்ளாயிரம் செங்கல் அடுக்கி, களிமண் குழைத்து, புகைக்குழாய் இழுத்து அடுப்பு ஒன்று கட்டிக் கொடுத்ததற்குப் பதினோரு நாள் கூலி. சூளையில் ஒரு மாதம் முழுக்கச் செங்கல் சுமந்தாலும் எனக்கு அவ்வளவு வராது. ஆபத்துக்கும் சேர்த்துப் பேசிய கூலி அது. பேசியவர் கமிட்டித் தலைவர் ஸெலிக். மரியாதைக்கு ரெப் ஸெலிக் என்போம். தாளில் எதுவும் எழுதவில்லை. என் உள்ளங்கையில் தன் கையை அடித்துச் சொன்னார்.

அதற்கு முந்தைய வருடம் வரை அரசு ரொட்டி ஆலையில் பாஸ்கா பண்டிகைக்கான புளிக்காத அப்பம் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாவை நாங்கள் கொடுப்போம், சூட்டுக்கூலியும் கொடுப்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடம் ஸெலிக் போய்க் கேட்டபோது மேலாளர், "தடை ஒண்ணும் இல்லையே, தாராளமா சாப்பிடுங்க. அடுப்புதான் காலி இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

சோவியத்தில் யாரும் தொழக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தொழலாம் என்றுதான் எழுதியிருந்தது. இருபது பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் செத்தால் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். போருக்கு முன்னால் எங்கள் ஊரில் பதினோரு ஜெபக்கூடங்கள் இருந்தன. பிறகு மிஞ்சியது ஒன்று, அதற்கு இருபது பெயர். பட்டியலில் நான் பதினேழாவது.

என் மனைவி சோஸ்யா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குளிர்காலம், சூளை அந்த வருடம் பழுதாகி மூடிக் கிடந்தது. ஸெலிக் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மர ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முன்பல் ஒன்று தங்கம். துக்கம் விசாரிப்பது போலக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"கெட்ஸல், பின்னாடி குளியல் கட்டடம் பூட்டித்தான கெடக்கு. அதுக்குள்ள ஒரு அடுப்பு கட்டணும்."

"கட்டலாம். புகை எங்க போகும் ரெப் ஸெலிக்? குளியல் கட்டடத்துக்குச் சீல் வச்சது சுகாதாரத்துறை. அங்க புகை வந்தா எதுத்த வீட்டுக்காரனே போய்ச் சொல்லிருவான்."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். புகை போற வழி தெரிஞ்சவனா இருந்தா நான் எதுக்குக் கணக்கு எழுதிப் பொழைச்சேன்?"

நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். குளியல் கட்டடத்துச் சுவரும் ஜெபக்கூடத்துச் சுவரும் ஒட்டினாற்போல் இருக்கும். ஜெபக்கூடத்தில் குளிருக்கு எரிக்கும் கணப்பு ஒன்று எப்போதும் உண்டு. சுவரைக் குடைந்து புது அடுப்பின் புகையை அந்தக் கணப்பின் புகைபோக்கியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அடுப்பு இரண்டு, வெளியே தெரியும் புகை ஒன்று. மாவில் தண்ணீர் பட்டு பதினெட்டு நிமிடத்துக்குள் அப்பம் வெந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால் அடுப்பின் தளம் வெள்ளையாகக் காய வேண்டும். அவ்வளவு சூட்டில் புகையும் குறைவு. அடுத்த தெரு மர ஆலையில் ரம்பம் ஓடும் நேரம் பார்த்துப் பகலில் சுட்டார்கள். ரம்பச் சத்தத்தில் உருட்டுக்கட்டைச் சத்தம் கேட்கவில்லை. அந்த பாஸ்காவுக்கு ஊரில் இருந்த ஒவ்வொரு யூத வீட்டிலும் அப்பம் இருந்தது. என் வீட்டில் நான் ஒருவனே உட்கார்ந்து தின்றேன்.

கூலி வரவில்லை. பாஸ்கா முடிந்த கையோடு நகராட்சியிலிருந்து தாள் வந்தது: கூரைத் தகரம் முழுக்க மாற்ற வேண்டும், இரண்டு மாதம் கெடு, இல்லாவிட்டால் கட்டடம் ஆபத்தானது என்று பூட்டப்படும். இருந்த பணமெல்லாம் தகரமானது. செப்டம்பரில் எங்கள் புது வருடப் பண்டிகைக்கு வசூலானது காப்பீட்டுக் கட்டணமானது. நானும் வாய் திறக்கவில்லை. கூரையும் எனக்கு வேண்டியதுதானே.

ஆனால் சோஸ்யாவுக்குக் கல் நட வேண்டும். முதல் வருட நினைவு நாளுக்குள் கல் நட்டு, பத்து ஆண்கள் நின்று அவளுக்கான ஜெபத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் காலண்டரில் கிஸ்லேவ் மாதம் பத்தாம் தேதி நினைவு நாள்; அந்த வருடம் அது நவம்பர் கடைசியில் வந்தது. கல்தச்சன் பூனெம் கோடையிலேயே கல்லைச் செதுக்கி முடித்துவிட்டான். அறுநூறு ரூபிள். வண்டிக்கு நாற்பது. அவன் கொட்டகையில் கல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"ஏன்டா திருப்பி வச்சிருக்க?"

"பேரைப் பாக்கறப்பல்லாம் சங்கடமா இருக்குடா. என்னைத் திட்டாத கெட்ஸல். போன வருஷம் ரெண்டு பேருக்கு நம்பிக் கொடுத்தேன். ஒருத்தன் ஒடெஸாவுக்குப் போயிட்டான், இன்னொருத்தன் செத்தே போயிட்டான். அவனுக்கும் நான்தான் கல் செதுக்கணும், கடனுக்கு."

நவம்பர் முதல் வாரம் ஸெலிக்கிடம் போனேன்.

"ரெப் ஸெலிக், இன்னும் மூணு வாரம் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, என் பல்லைப் புடுங்கித் தரட்டுமா? ஒண்ணுதான் தங்கம். மிச்சதெல்லாம் உன் பல்லு மாதிரிதான்."

"அவளுக்குக் கல்லு வேணும்."

"ஹனுக்கா பண்டிகை கழியட்டும்."

"நினைவு நாள் ஹனுக்காவுக்கு முன்னாடி வருது."

"காலண்டரைப் போட்டது நானா?" என்றார். பிறகு அவருக்கே கூசியிருக்க வேண்டும், தேநீர் குடிக்கச் சொன்னார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அநியாயம் நடந்தது என்று நினைக்கிற எவனும், எவ்வளவு ஏழையாக இருந்தாலும், ஓய்வுநாளான சனிக்கிழமை மேடைமேல் ஏறி, எங்கள் வேதமான தோராச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து வாசிக்க விடாமல் நிறுத்தலாம். அவன் வழக்கைச் சபை கேட்டுப் பதில் சொல்லும்வரை வாசிப்பு நடக்காது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது தண்ணீர் சுமக்கும் ஒருவன் அப்படி ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாவு மில் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் முகம் வெளுத்து, தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். போருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. செய்ய ஆளும் இல்லை, எதிரே உட்கார முதலாளியும் இல்லை.

அந்த வாரத்துப் பாடம், ஆபிரகாம் தன் மனைவி சாராளை அடக்கம் செய்ய நானூறு வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்குகிற பாடம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்கு மனது கெட்டுவிட்டது. அவர் கொடுத்ததை என் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆண்கள் இருபத்திரண்டு பேர் இருந்தோம். எல்லாம் தெரிந்த முகம், அதற்கு மேல் தெரியாத முகம் ஒன்று. கடைசி பெஞ்சில் முப்பது வயதுக்காரன் ஒருவன். அப்பாவின் நினைவு நாள், பயணத்தில் இருக்கிறேன், இங்கே தொழலாமா என்று கேட்டானாம். எங்களுக்குச் சந்தோஷம்தான். இளவயது ஆள் உள்ளே வந்து எத்தனை வருடமாகிறது. ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

காட்டிக்கொடுப்பவன் ஒருவன் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தான். கடிகாரம் பழுது பார்க்கும் ஃபைவெல். வாராவாரம் அவன் எங்களைப் பற்றி ரகசியப் போலீஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். ஸெலிக்கிடமே வந்து, "இந்த வாரம் என்ன எழுதறது?" என்று கேட்பான். "மழை பெஞ்சுதுன்னு எழுது" என்பார் அவர். அவனை வைத்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒருவன் இருந்தால் இன்னொருவனை அனுப்பமாட்டார்கள் என்று நம்பினோம்.

பேழைத் திரையை விலக்கப் போகிற நேரம் நான் எழுந்து போய் மேடைமேல் ஏறினேன். உள்ளங்கையால் பலகையை மூன்று தடவை அடித்தேன்.

"வாசிக்க விடமாட்டேன்."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. ஓர் ஆள் சிரித்தார். "கெட்ஸல், காலைல என்ன குடிச்ச? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்ல."

"வாசிக்க விடமாட்டேன். எனக்கு வழக்கு இருக்கு."

ஸெலிக் முன்பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஓய்வுநாள் முடியட்டும்பா. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வந்துதான் பேசினேன். தேநீர் கொடுத்தீங்க."

மேலே பெண்கள் மாடத்திலிருந்து ஒரு குரல்: "அவன் பொண்டாட்டி கல்லுக்குத்தான கேக்குறான்! குடுத்துத் தொலைங்களேன்!"

ஸெலிக் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார், தலையை லேசாகப் பின்பக்கம் சாய்த்தார். கடைசி பெஞ்சைக் காட்டுகிறார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது தட்டிக்கழிக்கிற சைகையாகத்தான் பட்டது.

"கண்ணைக் காட்டாதீங்க ரெப் ஸெலிக், பணத்தைக் காட்டுங்க."

சிரிப்பு வந்தது. சபை என் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. அந்த மாதிரி ஒரு பலம் என் வாழ்நாளில் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

தோரா வாசிக்கிறவர் நூசன். கண் பாதி போனவர், பாதிக்கு மேல் மனப்பாடமாகவே வாசிப்பார். எங்களில் சட்டம் படித்தவர் அவர் ஒருவர்தான். கை தூக்கி எல்லாரையும் அமர்த்தினார். "அவனுக்கு உரிமை உண்டு. ஆனா முறைப்படி சொல்லணும். கெட்ஸல், யார்மேல வழக்கு, என்ன வேலை, என்ன பாக்கி? சபை முன்னால தெளிவாச் சொல்லு. தெளிவாச் சொன்னாத்தான் நாங்க தீர்ப்புச் சொல்ல முடியும்."

"நூசன், வேண்டாம்" என்றார் ஸெலிக்.

"வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? வழக்கே உங்க மேலதான்."

நான் தெளிவாகச் சொன்னேன். நான் வேலையைப் பற்றிப் பேசினால் தெளிவாகத்தான் பேசுவேன். வேறெதிலும் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. குளியல் கட்டடத்துக்குள் அடுப்பு. தொள்ளாயிரம் செங்கல். பதினோரு நாள். புகை இந்தக் கணப்புக்குள் வருகிறது, இதோ இந்தச் சுவர். "அதுல சுட்ட அப்பத்தை நீங்க எல்லாரும் தின்னீங்க. உங்க பேரப்பிள்ளைகளும் தின்னுச்சு. இங்க யாராவது தின்னலைன்னா சொல்லுங்க, இறங்கிடறேன்."

எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஃபைவெல் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "எனக்கு வயிறு சரியில்ல. நான் ஆரம்பத்துலேயே வெளிய போயிட்டேன். எதையும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தாண்டினான். அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஸெலிக் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அறுநூற்று நாற்பதும் என் கைக்கு வர வேண்டும், கமிட்டியிடம் இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் போட்டுத் தர வேண்டும். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் இறங்கினேன். திரையை விலக்கினார்கள். நூசன் வாசித்தார், ஆபிரகாம் நானூறு வெள்ளியையும் நிறுத்துக் கொடுத்தார். முடிந்ததும் அந்த இளைஞன் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னான். என் கையை மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பிடித்திருந்தான்.

"சரியாச் சொன்னீங்க அண்ணே" என்றான், எங்கள் மொழியிலேயே.

பூனெம் வாசலில் என்னைத் தோளில் குத்தினான். "வியாழக்கிழமை வண்டி சொல்லிடறேன். சோஸ்யாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லியிருப்பா? இத்தனை வருஷம் ஊமையா இருந்துட்டு, நான் போனப்புறம்தான் வாய் திறந்தியான்னு கேட்டிருப்பா."

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறும் திங்களும் ஸெலிக் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார். சேர்ந்துவிட்டது. கணக்கு எழுதியே வாழ்ந்தவர், கை சும்மா இருக்குமா? யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரும் தொகையுமாக ஒரு தாளில் எழுதி, கூட்டி, அடியில் கோடு போட்டு, பணத்தோடு சேர்த்துக் கமிட்டி மேஜை இழுப்பறையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். தீயணைப்புத் துறை ஆள் ஒருவர், போலீஸ்காரர்கள் இரண்டு பேர். கழுத்தில் கேமராவோடு அந்த இளைஞன். குளியல் கட்டடத்துக் கதவுச் சீல் பக்கம் போகக்கூட இல்லை. நேராக ஜெபக்கூடத்துக் கணப்புச் சுவரைத் தட்டி, வெற்றாக ஒலித்த இடத்தில் உடைத்தார்கள். அடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். நான் கட்டியது, சுலபத்தில் வராது; மத்தியானம்வரை ஆனது என்று கேள்விப்பட்டேன். இழுப்பறையைத் திறந்து பணத்தை எண்ணினார்கள். அனுமதியில்லாத வசூல் என்று எழுதிப் பறிமுதல் செய்தார்கள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாவட்டப் பத்திரிகை வந்தது. சூளையில் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி எல்லாருக்கும் உரக்க வாசித்தார். கட்டுரை என்னைப் பற்றியது. ஸெலிக்கும் கூட்டாளிகளும் ஓர் ஏழைத் தொழிலாளியை மறைவாக வேலை வாங்கி, கூலி கொடுக்காமல் ஏமாற்றினார்களாம். நொந்துபோன தொழிலாளி கடைசியில் துணிந்து எழுந்து மதவாதிகளின் முகத்திரையைக் கிழித்தானாம். மேடைமேல் நான் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது. ஒன்றைக்கூட அவன் பொய்யாக எழுதவில்லை.

"பெரிய ஆளாயிட்ட கெட்ஸல்" என்றார் மேஸ்திரி. "இனி எங்களோட உக்காந்து சாப்பிடுவியா?"

அதற்குப் பிறகு தாளில் இருந்த வரிசைப்படியே ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. மகன் கல்லூரியில் படிக்கிறான் அல்லவா என்றார்கள். ஓய்வூதியக் கோப்பில் ஒரு தாள் குறைகிறதே என்றார்கள். பதிவுப் பட்டியலில் என் சம்மதமில்லாமல் பெயர் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். முதல் வாரம் மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் ஐந்து. எழுதிக் கொடுத்தவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள். ஒருவராவது வந்து என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

என்னையும் கூப்பிட்டார்கள். மத விவகாரம் பார்க்கும் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பத்திரிகை மேஜைமேல் இருந்தது.

"உங்களைத் தொழ வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"நாங்க எப்பவாவது உங்க ஜெபத்தை நடுவுல நிறுத்தியிருக்கோமா?"

"இல்ல."

"நிறுத்தினது யாரு?"

பத்திரிகையை என் பக்கம் நகர்த்தினார். ஏமாற்றப்பட்ட தொழிலாளி என்ற முறையில் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதமாட்டேன் என்றேன். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறாயா என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "சரி, இருங்க. நீங்க ஒருத்தர் இருந்தா இருபது ஆயிடாது" என்றார்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் பூனெம் வண்டியோடு வந்து நின்றான். கல்லை ஏற்றியிருந்தான்.

"பணம் இல்லடா பூனெம்."

"யார் கேட்டா? வா."

கல்லறைத் தோட்டத்து வாசலில் குதிரையை நிறுத்திவிட்டுத்தான் சொன்னான். "நானும் எழுதிக் கொடுத்துட்டேன். மருமகன் ரயில்வேல இருக்கான். அதுக்காகத்தான் இலவசமாக் கொண்டாந்தேன்னு நெனச்சுக்காத." கடிவாளத்தைக் கம்பத்தில் கட்டிக்கொண்டே, "அதுக்காகத்தான்னே நெனச்சுக்கோ" என்றான்.

மறுநாள் காலை பத்து மணி என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்கள் இருந்த சபை. பத்து பேர் வேண்டும். பூனெம் இருந்தான். நூசனை அவர் மகள் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் ஃபைவெல் வந்தான்.

"நீ எதுக்குடா வந்த?" என்றான் பூனெம்.

"எனக்கென்ன பயம்? யார் யார் வந்தாங்கன்னு நான்தான எழுதணும். வராம எப்படி எழுதறது?" என்றான். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு, "சோஸ்யாவோட கடிகாரத்தை ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணியிருக்கேன்" என்றான்.

பனி பெய்துகொண்டிருந்தது. மத்தியானம்வரை நின்றோம். ஸெலிக் வர முடியாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். கல்லறைத் தோட்டம் எல்லைக்கு அந்தப்பக்கம். வேறு யாரும் வரவில்லை. நாலு பேரை வைத்துக்கொண்டு அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது. நூசனிடம் கேட்டேன், ஏதாவது விலக்கு உண்டா என்று.

"இல்ல கெட்ஸல். பத்துன்னா பத்துதான்."

கல்லை நட்டோம். மண்ணை மிதித்து இறுக்கினோம். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

வருடக் கடைசியில் பட்டியலில் ஆறு பேர்தான் மிச்சம். பதிவு ரத்து என்று தாள் வந்தது: இருபது பேர் இல்லாத சபை சபையாகாது. கட்டடம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு. சுருள்களை எண்ணி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றினார்கள். கலைப்புக் குழு என்று மூன்று பேரைப் போட்டார்கள். பெஞ்சுகள், விளக்குகள், புதுத் தகரம் எல்லாவற்றுக்கும் விலை போட்டு, சபை கொடுக்க வேண்டிய பாக்கியைத் தீர்த்து, கோப்பை மூட வேண்டும். பாக்கிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. தொழிலாளியின் கூலிதான் எதற்கும் முந்தி.

எனக்கு மூன்று தடவை கடிதம் வந்தது. நான் போகவில்லை. சூளையில் செங்கல் சுமக்கும்போது எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான் வாங்காதவரை எங்கள் சபை எனக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன்பட்ட ஒன்று இல்லாமல் போய்விடாது, ஏதோ ஒரு அலமாரியில், ஏதோ ஒரு கோப்பில் அது இருந்துகொண்டிருக்கும். பைத்தியக்காரக் கணக்குதான்.

பிப்ரவரியில் ஸெலிக் சூளைக்கே வந்தார். மெலிந்திருந்தார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பணத்தைப் போய் வாங்கு கெட்ஸல்."

"வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும். நீ வாங்கிக் கையெழுத்துப் போடற வரைக்கும் நான் தொழிலாளி கூலியை முழுங்கினவன். வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. முடிஞ்சா கோர்ட்டுக்கு அனுப்பறாங்க. ரெண்டு வருஷம்னு பேச்சு. எனக்கு அறுபத்தெட்டு வயசு. ரெண்டு வருஷம் கழிச்சு என் பல்லை மட்டும்தான் திருப்பிக் கொடுப்பாங்க, அதுவும் தங்கம்கறதால கொடுக்கமாட்டாங்க."

"நான் கையெழுத்துப் போட்டா?"

"கோப்பை மூடிருவாங்க."

"அப்புறம் எப்பவாவது திரும்ப இருபது பேர் சேந்தா..."

"எங்கிருந்துடா சேரப் போறாங்க?" என்றார். கோபமில்லாமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். நகராட்சி நிதிப் பிரிவில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஸெலிக்கிடம் ஒரு தாளைத் தள்ளினார். பாக்கி உண்மை என்று கடன்பட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸெலிக் கண்ணாடியைப் போட்டு, முழுக்க வாசித்து, ஒரு இடத்தில் கூட்டல் சரியா என்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் பணத்தை எண்ணி என் முன் வைத்தார். ஜனவரியிலிருந்து புதுப் பணம். பத்து பழைய ரூபிளுக்கு ஒரு புது ரூபிள். அறுபத்து நாலு ரூபிள். சின்னச் சின்ன நோட்டு, மடிப்புக்கூட விழாதது.

"எண்ணிப் பாத்துக்கோங்க."

எண்ணினேன்.

"சரியா இருந்தா கீழ உங்க கையால எழுதணும். முழுத் தொகையும் வாங்கிக்கொண்டேன், இந்தச் சபையிடம் எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை. அப்படியே எழுதி, கையெழுத்து, தேதி."

முப்பத்தைந்து வயதில் எழுத்து கற்றவன் நான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். அந்த அம்மாள் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஸெலிக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இந்தச் சபையிடம்' என்ற இடத்தில் மை திட்டாக விழுந்தது. வேறு தாள் தரட்டுமா என்று கேட்டார் அந்த அம்மாள். வேண்டாம், தெரிகிறது என்றேன். மிச்சத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன். அவர் ஊதி உலர்த்தி, முத்திரை வைத்து, கோப்பை நாடாவால் கட்டினார்.